நேசமலர் சொல்லாத பெயர்

அன்புள்ள வதனி,

நீ ஸ்கொட்லாந்துக்கு விமானம் ஏறி இருபத்திமூன்று நாட்களாகின்றன. இந்தக் கடிதத்தை நான்கு தடவை தொடங்கி நான்கையும் கிழித்துவிட்டேன். வீட்டில் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி மடிக்கிறேன். வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் லின்ஃபீல்ட் சரிவில் இறங்கி, கடல் தெரிகிற இடம் வரை போய், எதையும் பார்க்காமல் திரும்பி வருகிறேன். அப்பா என் கால்களைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், பிறகு பேப்பரைத் தூக்கிக்கொள்கிறார். இன்று சனிக்கிழமை. அவர் புல்லு வெட்டுகிறார். அந்த இயந்திரத்தின் சத்தம் நிற்பதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும் என்று ஒரு அவதி. முடியாது என்றும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒரு விஷயம் நடந்தது. நடந்தது என்று சொல்வது தவறு, நான்தான் நடத்தினேன். சங்கத் தலைவர் மாஸ்டரின் மகன் கிளாஸ்கோவில் இருக்கிறார். இன்னும் ஒரு வாரத்தில் அவர் வழியாக உனக்குச் செய்தி வந்துவிடும். உன் அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று வரும், அல்லது மகளின் படிப்பு தாயைக் கெடுத்துவிட்டது என்று வரும். அதற்கு முன்பு என் கையால் எழுதியது உன்னிடம் வந்து சேர வேண்டும். அந்த அவசரத்துக்காகத்தான் எழுதுகிறேன் என்று முதலில் நினைத்தேன். நான்கு தடவை கிழித்த பிறகுதான் விளங்கியது, மூன்றரை வருடங்களாக உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்று.

போன குளிர்காலம் முழுக்க உன் ஆய்வேட்டை நான் தட்டெழுதினேன். ஈஸ்ட் டாமாக்கியில் நான் வேலை செய்கிற கிடங்கு அலுவலகத்திலிருந்து மேலாளரிடம் கேட்டு மின்சாரத் தட்டச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தோம். நாங்கள் மூன்று பேரும் இரண்டு மாதம் மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக இருந்தவள் நான். கொலை, களவு, எல்லை வேலிச் சண்டை எதுவானாலும் காதால் வாங்கி விரலால் விட்டுவிடப் பழகியவள். உன்னுடையதையும் அப்படித்தான் தொடங்கினேன். ஸ்கொட்லாந்தின் சூனியக்காரி வேட்டை எனக்கு என்ன சம்பந்தம்? எழுத்துப் பிழை வராமல் பார்த்தால் போதும் என்றிருந்தேன்.

முதல் அத்தியாயம் விரல்களோடு போய்விட்டது. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் பழைய மதத்தைத் தள்ளிப் புதிய சபை வந்த கையோடு, சூனியத்துக்கு மரண தண்டனை என்று ஒரு சட்டம் வந்ததையும், அது நூற்றெழுபது வருடத்துக்கு மேல் நீடித்ததையும் அடித்தேன். அந்தக் காலம் முழுவதும் வேட்டை நடக்கவில்லை, அலை அலையாக வந்து போனது என்று நீ எழுதியிருந்தாய். மணமகளை அழைத்துவரப் போன அரசனின் பயணத்தைப் புயல் குழப்பியது, உடனே யார் அந்தப் புயலை எழுப்பியது என்று தேடினார்கள். பிறகு பஞ்சம், போர், கொள்ளைநோய். ஆனால் கஷ்டம் மட்டுமே காரணம் என்றால் பட்டினி கிடந்த ஊர்களிலெல்லாம் நெருப்பு எரிந்திருக்க வேண்டும், அப்படி எரியவில்லை என்று நீ அடித்துச் சொல்லியிருந்தாய். சந்தேகத்தை வாங்கி எழுத ஒரு சபையும், சரி என்று கையொப்பமிட மேலிடத்தில் ஆட்களும் இருந்த இடத்தில்தான் எரிந்தது என்பது உன் வாதம். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு எழுந்து சோற்றைப் பார்க்கப் போனேன். அடுப்பை நான் பற்றவைத்திருக்கவே இல்லை.

மூன்றாம் அத்தியாயத்தில்தான் என் விரல் நின்றது. கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊர். ஒருத்தி பக்கத்து வீட்டில் பால் கேட்டிருக்கிறாள், அவர்கள் இல்லை என்றிருக்கிறார்கள். இவள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போயிருக்கிறாள். பசுவுக்குப் பால் வற்றிவிட்டது. அன்றைக்கு அதை யாரும் எங்கும் எழுதவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து வேறு ஏதோ சண்டையில் அவள் பெயர் அடிபட்டபோது அந்தப் பசுவும் சாட்சியாக வந்துவிட்டது. பாதிரியாரும் ஊர் மூப்பர்களும் கூடிய சபை அவளை அழைத்தது. பிறகு தேவாலயக் கோபுரத்தில் பூட்டினார்கள். ஆள் மாற்றி ஆள் காவலிருந்து பல நாட்கள் அவளை உறங்க விடவில்லை. ஊசியால் குத்தி வலிக்காத இடத்தைத் தேடுவதற்கென்றே ஒருவன் வந்தான், அந்த இடம் சாத்தான் வைத்த அடையாளமாம். ஊர்க்காரர்கள் சொன்னதில் பாலும் பசுவும் திட்டும்தான் இருந்தன, சாத்தான் இல்லை, சாத்தான் வந்தது மூப்பர்கள் கேட்ட கேள்வியில் என்று நீ எழுதியிருந்தாய். அவள் கடைசியில் எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். பிறகு இன்னும் யார் யார் என்று கேட்டார்கள். அவள் பெயர்கள் சொன்னாள். எடின்பரோவிலிருந்து அனுமதி வந்தது, உள்ளூர்ப் பெரிய மனிதர்களே நீதிபதிகளாக உட்கார்ந்தார்கள், கழுத்தை நெரித்துக் கொன்ற பிறகு உடலை எரித்தார்கள்.

அப்போது நீ குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தாய். நான் தட்டாமல் இருந்ததைக் கண்டு, களைத்துப் போனீங்களா அம்மா என்று கேட்டாய். நான், இதில் யார்மேல் உனக்குக் கூடக் கோபம் என்று கேட்டேன். பாதிரியாரா, ஊசிக்காரனா, அந்தப் பெரிய மனிதர்களா? நீ யோசிக்கவே இல்லை.

"சபைக்கு எழுதின கிளார்க், அம்மா. மற்ற ஆக்களெல்லாம் பேய் இருக்கு எண்டு நம்பினவை. அவன் என்ன நம்பினானோ தெரியாது. ஆனா அவ அழுதிருப்பா, அதை அவன் எழுதேல்லை. கன்ஃபெஸ்ட், ஒப்புக்கொண்டா எண்டு மட்டும் எழுதினவன்."

நான் தேத்தண்ணி போடப் போகிறேன் என்று எழுந்து போனது உனக்கு ஞாபகம் இருக்காது.

நேசம் அன்ரியை உனக்கு ஞாபகம் இருக்கும். நேசமலர். மன்னாரிலிருந்து வந்தவர், கத்தோலிக்கர், புருஷனை விட்டுப் பிரிந்து தனியாக த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு அறையில் இருந்தவர். திரைச்சீலைத் தொழிற்சாலையில் தையல் வேலை. சங்கத்துக்கு வந்தால் நேராகச் சமையலறைக்குப் போய் மற்றவர்கள் செய்ததில் குறை சொல்லுவார், பிறகு அதே வேலையைத் தானே நன்றாகச் செய்துவிட்டுப் போவார். வாய் கொஞ்சம் கூடத்தான். யாருக்கும் பயந்து கதைத்ததில்லை. இங்கே அப்போது எங்கள் ஆட்கள் இருபது குடும்பம்கூட இல்லை, ஒருவருக்கொருவர் பயந்து நடந்தால்தான் வாழலாம் என்ற நிலை.

உனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்து பதினோரு நாள் விடவில்லை. டாக்டர் வைரஸ் என்றார், பொறுத்திருக்கச் சொன்னார். நான் உன்னைப் போர்வையில் சுற்றிக்கொண்டு நேசத்தின் அறைக்குப் போனேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை. நேசம் உப்பையும் செத்தல் மிளகாயையும் உன் தலையைச் சுற்றி எடுத்து அடுப்பில் போட்டார், ஏதோ செபம் சொன்னார், நெற்றியில் எண்ணெய் தடவினார். மிளகாய் நெடிக்குப் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டிச் சத்தம் போட்டார். இரண்டு நாளில் காய்ச்சல் போனது. டாக்டர் சொன்னபடி தானாகப் போனதோ என்னவோ. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் படித்தவள், நீதிமன்றத்தில் வேலை பார்த்தவள், இப்படியெல்லாம் செய்தேன் என்று தெரிந்தால் வெட்கம்.

ஊரில் நடந்த எண்பத்திமூன்று ஆடிக் கலவரத்துக்கு அடுத்த வருடம்தான் எல்லாம் நடந்தது. அந்த வருடத்தை நீ பல்கலைக்கழகத்தின் முதல் வருடப் படிப்போடு கடந்துவிட்டாய். எங்களுக்குத் தொலைபேசி அடித்தால் நெஞ்சு அடிக்கும், அடிக்காவிட்டாலும் அடிக்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஊரிலிருந்து கடிதம் வராத ஒரு ஆள் இருந்தார். சங்கத்தில் ஆட்கள் கூடினால் முதல் அரை மணித்தியாலம் செத்தவர்களின் பெயர்தான். செய்தவர்களை எங்களால் ஒன்றும் செய்ய முடியாது, அவர்கள் ஆறாயிரம் மைலுக்கு அப்பால். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் எல்லோரும் அலைந்தோம். இதை ஒரு நியாயமாகச் சொல்லவில்லை. நிலைமையைச் சொல்கிறேன்.

சுகந்திக்கு அப்போது இருபத்தியாறு வயது, முதல் பிள்ளை வயிற்றில். நேசம் அவளுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். கை இறுக்கம் என்று சுகந்தி நாலு பேருக்குச் சொல்லிவிட்டாள். அது நேசத்தின் காதுக்குப் போனது. சங்கச் சமையலறையில் வைத்து நேசம் ஏதோ சுடச்சுடச் சொன்னார், சுகந்தி அழுதுகொண்டு வெளியே வந்தாள். உள்ளே இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். மூன்று கிழமை கழித்து ஏழாம் மாதத்தில் அந்தப் பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று ஞாபகம் வந்தது. ஒருவரின் தம்பி யாழ்ப்பாணத்தில் காணாமல் போனதற்கு முதல் கிழமைதான் நேசம் அவனை விசாரித்தாராம். இன்னொருவரின் கார் கவிழ்ந்த அன்று காலை நேசம் எதிரில் வந்தாராம். நேசம் பிள்ளைகளுக்குக் கண்பட்ட பார்வை கழிக்கிற கதையும் வெளியே வந்தது. கழிக்கத் தெரிந்தவளுக்கு ஏவத் தெரியாதா என்று ஒருவர் கேட்டார். நான் அங்கேதான் இருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தேன்.

சங்கத் தலைவரை நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம், ஊரில் கணித ஆசிரியராக இருந்தவர். ஐந்து பேர் கொண்ட குழு கூடியது, நான் செயலாளர். மாஸ்டர் மிக நிதானமாகச் சொன்னார், நாங்கள் படித்த ஆட்கள், செய்வினை சூனியம் என்று புத்தகத்தில் எழுத முடியாது, குடும்பங்களுக்கு மன உளைச்சல் தரும் பேச்சு என்று எழுதுங்கள் என்று. எனக்கு அந்தச் சொற்றொடர் பிடித்திருந்தது. கௌரவமாக இருந்தது. சுகந்தியிடம் வாக்குமூலம் வாங்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள், பொம்பிளைகள் தங்களுக்குள் கதைக்கட்டும் என்று. நான் அவள் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் என் நல்ல கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தேன். உன் வீட்டில் தொட்டில் ஆடாது என்று நேசமலர் தன்னைச் சபித்ததாக சுகந்தி கூறினார். இதுதான் அந்த வரி.

ஒரு ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்கு மவுண்ட் ரோஸ்கில் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில் நேசத்தை வரச்சொன்னோம். அன்று காலை ஏழு மணிக்குத்தான் அவர் இரவு வேலை முடித்து வந்தவர் என்பது எனக்குத் தெரியும். நான் மாஸ்டருக்குச் சொல்லவில்லை. நாங்கள் ஐந்து பேரும் மேசைக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். முதலில் அவர் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். ஐந்து மணி ஆகியும் அதே கேள்வி, சொன்னீரா, இல்லையா. ஒருவர் களைத்தால் இன்னொருவர் கேட்டார். அவர் தலை மேசையை நோக்கிச் சரிந்து சரிந்து நிமிர்ந்தது.

"ஓம், சொன்னனான் எண்டே வையுங்கோ," என்றார். "நான் போய்ப் படுக்க வேணும்."

நான் எழுதினேன்: தான் அவ்வாறு சொன்னதாக நேசமலர் ஒப்புக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மாஸ்டர் அடுத்ததாக, இந்த மாதிரிப் பார்வை கழிக்க உங்களிடம் எங்கட ஆக்கள் யார் யார் வந்தவை, சங்கத்துக்குத் தெரிய வேணும் என்று கேட்டார். என் பேனை தாளிலேயே நின்றது. நேசம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார், வதனி. நீளமாகப் பார்த்தார். மற்ற நால்வரும் அதைக் கவனித்தார்களா தெரியாது. என் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த விசாரணை அந்த நிமிஷமே சிரிப்பாகப் போயிருக்கும். அவர் தப்பியிருப்பார், நான் அகப்பட்டிருப்பேன். அவர் சொன்னதெல்லாம் இதுதான்: "வந்தவையைக் காட்டிக்குடுக்கிற பழக்கம் எனக்கில்லை." நான் குனிந்து எழுதினேன்: பெயர் கூற மறுத்தார்.

அவரை யாரும் எரிக்கவில்லை. சங்கத்துக்கு வரவேண்டாம் என்று கடிதம் போட்டோம், அவ்வளவுதான். ஆனால் அந்த வருடம் ஊரிலிருந்து உறவினரை இங்கே அழைத்து எடுப்பவர்களுக்குச் சங்கம் ஒரு ஆதரவுக் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தது, வருகிறவர்களுக்கு இங்கே இடமும் துணையும் உண்டு என்று. விசா விண்ணப்பத்தோடு அதை வைப்பார்கள். ஏழு குடும்பங்களுக்கு நான்தான் தட்டெழுதிக் கொடுத்தேன். நேசத்தின் தம்பி அன்ரனுக்கு மட்டும் கொடுக்கவில்லை. அவனுடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எங்கள் கடிதம் இருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்குமோ, எனக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவன் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு மீன்பிடி வள்ளத்தில் இராமேஸ்வரத்துக்குப் போய் இன்னமும் ஒரு முகாமில் இருக்கிறான்.

நேசம் ஒட்டாஹுஹு பக்கம் வீடு மாறிப் போனார். ஏன் நேசம் அன்ரி இப்போது வருவதில்லை என்று நீ கேட்டாய், வேலை தூரமாகிவிட்டது என்று சொன்னேன். அது பொய். அவருடைய தொழிற்சாலை என் கிடங்கிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. மூன்றரை வருடம் பின்னேர பஸ் தரிப்பில் கிழமைக்கு இரண்டு தடவையாவது அவரைக் கண்டேன். கைப்பையைத் திறந்து எதையோ தேடுவேன். தேட ஒன்றும் இருக்காது. அவர் ஒருநாளும் முகத்தைத் திருப்பியதில்லை.

உன்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த மூன்றாம் நாள் நான் அந்தத் தரிப்பில் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தேன். நேசம், நான் பிழை செய்துபோட்டன், மன்னிக்க வேணும் என்று மட்டும் வந்தது. அவருடைய பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. பஸ் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார்.

"நீங்கள் மன்னிப்புக் கேட்டா உங்கட நெஞ்சு ஆறும். எனக்கு என்ன ஆறும்?" என்றார். "உங்கட கையால எழுதித்தானே என்னைக் கழிச்சனீங்கள். அதே கையால எழுதுங்கோ. அதே ஆக்களுக்கு முன்னால வாசியுங்கோ. அன்ரனுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கோ, சங்கத்தின்ர பேரில இல்லாட்டியும் உங்கட பேரில."

நான் ஓம் என்றேன். பிறகு, அன்றைக்கு ஏன் என்ர பெயரைச் சொல்லேல்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டேன். காய்ச்சலோடு வந்த பிள்ளையின் பெயரும் அதோடு சேர்ந்து வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப்போனார். உன்னைத்தான் சொன்னார்.

அப்பாவிடம் அன்று எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் கதை உட்பட. அவர் காய்ச்சலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. மற்றதை இப்போது ஏன் கிளறுகிறாய், எல்லோரும் மறந்துவிட்டார்கள், இந்த ஊரில் எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. நாளைக்கு எங்களில் ஒருவர் செத்தால் தூக்குவதற்கு அந்த இருபது குடும்பம்தான் வரவேண்டும். அதற்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. ஆனால் ஞாயிறு அன்று நான் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். மண்டபத்துக்கு உள்ளே வரவில்லை, காரிலேயே இருந்தார்.

கூட்டம் முடிகிற நேரத்தில் எழுந்து நின்று வாசித்தேன். ஒரு பக்கம்தான். நேசமலர் சொன்ன வசனம் எது, நான் எழுதிய வசனம் எது என்று இரண்டையும் வாசித்தேன். அவர் நித்திரையில்லாமல் வந்தவர் என்பதை நான் அறிந்திருந்தேன் என்று வாசித்தேன். பார்வை கழிக்க அவரிடம் போனவர்களில் நானும் ஒருத்தி என்று வாசித்தபோது பின்வரிசையில் யாரோ கதிரையை இழுத்த சத்தம் கேட்டது. மாஸ்டர் எழுந்து, இது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார். நான் நிறுத்தவில்லை. ஐந்தாறு பேர் எழுந்து வெளியே போனார்கள். வாசித்து முடித்ததும் எனக்கு ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்த மாதிரி இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. ஒரு நிமிஷம் எனக்கு என்னைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போது சுகந்தி எழுந்தாள். அவளுக்கு இப்போது இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், அவளை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் எழுந்தாள். சத்தமாகக் கதைக்கவில்லை, என்னிடம் மட்டும் கதைக்கிற மாதிரித்தான் கதைத்தாள்.

"அக்கா, நேசம் அக்கா தொட்டிலைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. என்ர தையலைப் பற்றி ஊரெல்லாம் கதைக்கிற நேரத்துக்கு என்னட்டை நேர வந்து சொல்லியிருக்கலாம்தானே எண்டு கேட்டவா, அவ்வளவுதான். நீங்கள் வீட்டை வந்து, தொட்டில் ஆடாது எண்டு சொன்னவாவோ எண்டு கேட்டனீங்கள். நான் பிள்ளையைப் பறிகுடுத்து எட்டாம் நாள். நான் தலையை ஆட்டினனான் போல."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் சொல்லச் சொல்ல எனக்கு அந்த அறை ஞாபகம் வந்தது, மூடிய யன்னல், அவள் மடியில் ஒரு துவாய். அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. ஒரு பொம்பிளை இன்னொரு கர்ப்பிணியைச் சபித்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று பஸ்ஸில் போகும்போது நானே நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதைக் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். தலையாட்டலை வாக்குமூலமாக எழுதியிருக்கிறேன். பிறகு அதே வசனத்தை நேசத்தின் முன் வைத்து மூன்று மணித்தியாலம் ஓம் சொல்ல வைத்திருக்கிறோம். நீ எழுதிய கிளார்க் கேட்டதில் பாதியை விட்டு எழுதியவன். நான் அதற்கும் ஒரு படி மேலே போனவள். இதை நீ உன் ஆய்வில் எங்காவது சேர்க்க முடிந்தால் சேர்த்துக்கொள். அந்த மூப்பர்கள் பொய் சொல்லுகிறோம் என்று நினைத்துக் கேட்டிருக்க மாட்டார்கள். தங்களுக்குத் தெரிந்ததைத்தான் கேட்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கும் தெரிந்த மாதிரித்தான் இருந்தது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இனி என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் தாய் என்றால் வாய் சும்மா இராது. நீ அங்கே அந்தப் பழைய தாள்களை விரித்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்காரப்போகிறாய். யாராவது ஒப்புக்கொண்டாள் என்று எழுதியிருந்தால் அதற்கு முதல் வரியில் என்ன கேட்டார்கள் என்று பார். கேள்வி எழுதப்படாமல் இருந்தால் அங்கேயே கொஞ்சம் நில். தாளுக்கு வெளியிலும் அப்படித்தான். நீ ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தரிடம் கேட்கும்போது, உனக்கு வேண்டிய பதிலை உன் கேள்விக்குள் வைத்துக் கேட்காதே. உன்னோடு வேலை செய்கிற ஒருத்தியைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரிக் கதைக்கத் தொடங்கினால், நீயும் ஒரு சின்ன ஞாபகத்தைக் கொண்டுபோய் அதில் போடாதே. போட வேண்டும் போல்தான் இருக்கும். எல்லோரோடும் சேர்ந்து இருக்கிற அந்தச் சூடு நன்றாக இருக்கும். எனக்கு அது நன்றாக இருந்தது.

அன்ரனுக்காக ஒரு கடிதம் என் பெயரில் எழுதிக் குடிவரவு அலுவலகத்துக்குச் செவ்வாய்க்கிழமை தபாலில் போட்டேன். பயன் உண்டா தெரியாது. செயலாளர் பொறுப்பிலிருந்து விலகச் சொல்லி மாஸ்டர் எழுதியிருந்தார், விலகிவிட்டேன். இரண்டு வீட்டுக்காரர் கடையில் கண்டும் காணாமல் போனார்கள். அப்பாவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதனாலேயே அவருக்கு இன்னும் கூடக் கஷ்டம்.

நேற்றுப் பின்னேரம் சுகந்தி தொலைபேசி எடுத்து, தன்னை நேசத்திடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அவளுக்கு வீடு தெரியாது. எனக்குத் தெரியும், ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அதையும் நீ தெரிந்துகொள். நாங்கள் போய்க் கதவைத் தட்டினோம். நேசம் திறந்தார். முதலில் சுகந்தியைப் பார்த்தார், பிறகு அவள் இடுப்பில் இருந்த பிள்ளையை. வாயைத் திறந்து ஏதோ கேட்க வந்து கேட்கவில்லை, இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளை தாவிக்கொண்டு போனது. சுகந்தி உள்ளே போனாள். நான் காலைத் தூக்கி வைக்கும் முன்பே கதவு சாத்தப்பட்டது. அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

முக்கால் மணித்தியாலம் வெளியே நின்றேன். உள்ளே ஒருவர் அழுவது கேட்டது, யார் என்று தெரியவில்லை. பிறகு இரண்டு பேரும் கதைப்பது கேட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு தடவை வாசல் படலை வரை போனேன், வந்தேன். கடைசியில் சுகந்தி முகம் வீங்கி வெளியே வந்தாள்.

"உள்ளை தேத்தண்ணி ஊத்தினவா, அக்கா. உங்களுக்கு ஊத்தேல்லை எண்டு சொல்லிவிடச் சொன்னவா."

மூன்றரை வருடத்துக்குப் பிறகு அவர் எனக்கு அனுப்பிய முதல் செய்தி அது. நான் அதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் உனக்கு எழுதுகிறேன்.

அம்மா